பரோட்டா மாஸ்டர் மகள் சாப்பிட்டவை

ஜூலை 6, ஞாயிறு

டாக்டர் நாச்சியார் ஒரு நோட்டு போடச் சொன்னார். தினமும் என்ன சாப்பிட்டேன், வயிறு எப்படி இருந்தது, இந்த இரண்டையும் எழுதினால் போதுமாம். இருநூறு பக்க நோட்டில் நாளுக்கு இரண்டு வரி எழுதினால் மிச்சக் காகிதம் வருத்தப்படும். அதனால் மற்றதையும் எழுதப்போகிறேன்.

என் பெயர் இ. உலகம்மாள். எட்டாம் வகுப்பு. ஊர் தென்காசி. உலகம்மாள் எங்கள் ஊர் அம்மன் பெயர். எங்கள் தெருவில் இன்னும் மூன்று உலகம்மாள்கள் இருக்கிறார்கள். மூவருக்கும் அறுபது வயதுக்கு மேல்.

எனக்கு வந்திருப்பது சீலியாக். கோதுமையில் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் என் உடம்பு என் சிறுகுடலையே எதிரியாக நினைத்துத் தாக்கும். மைதா, ரவை, சேமியா, பிஸ்கட், பார்லி எதுவும் கூடாது. ஒரு துணுக்குகூடக் கூடாது. இதற்கு மாத்திரை கிடையாது, சாப்பாடுதான் மருந்து. ஜனவரியில் திருநெல்வேலியில் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னார்கள். அன்று முதல் நான் ஒரு பிஸ்கட்கூடத் தொடவில்லை.

அப்பா பெயர் இசக்கிமுத்து. குற்றாலம் போகும் சாலையில் பரோட்டாக் கடை வைத்திருக்கிறார். அவரே மாஸ்டர். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். டாக்டரே சிரித்துவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார்.

நேற்று ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சீலியாக்கைக் காட்டும் எண் ஜனவரியில் 212. இருபதுக்குக் கீழே போக வேண்டும். ஆறு மாதம் ஒழுங்காக இருந்த பிறகு நேற்று 187.

“எங்கிருந்தோ உள்ள போய்க்கிட்டே இருக்கு உலகம்மா. சின்ன அளவுலதான், ஆனா தினமும். கண்டுபிடிச்சாகணும். நவம்பர்ல மறுபடி பாப்போம்” என்றார் டாக்டர்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். வெளியே வந்ததும், “பள்ளிக்கூடத்துல எதையாச்சும் வாங்கித் திங்கியாட்டி? உண்மையச் சொல்லு” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா திருநெல்வேலியிலிருந்து தென்காசி வரை பஸ்ஸில் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சாப்பிட்டவை: இட்லி 4, தேங்காய்ச் சட்னி. சோறு, சாம்பார், கத்திரிக்காய்ப் பொரியல். இரவு ரசம் சோறு. வயிறு: உப்பல். அம்மா பெருங்காய மோர் கொடுத்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

இன்று வீட்டில் இருக்கும் எல்லாப் பாக்கெட்டுகளையும் வாசித்தேன். மொத்தம் 41. சில எழுத்துகள் எறும்பின் கால் அளவுதான். அத்தை கொண்டுவந்த மிக்சரிலும், ஒரு சாஸ் பாட்டிலிலும் கோதுமை இருந்தது. நான் இரண்டையும் தொட்டதில்லை. இருந்தாலும் வெளியேற்றினேன்.

“இந்தப் படிப்ப பரீட்சைக்குப் படிச்சா என்ன?” என்றாள் அம்மா.

“பரீட்சையிலயும் நாந்தானம்மா முதல் ரேங்க்?”

“வாய்க்குத்தான் முதல் ரேங்க்.”

சாப்பிட்டவை: தோசை 3, சட்னி. சோறு, புளிக்குழம்பு, அவரைக்காய். வயிறு: சுமார்.

ஜூலை 11, வெள்ளி

ஜெபமலருக்கு இன்று பிறந்த நாள். வகுப்பில் என் பக்கத்து இடம் அவளுடையது. ஒரு பெரிய டப்பாவில் கேக் கொண்டுவந்து ஒவ்வொருவர் வாயிலும் ஊட்டினாள். என் முறை வந்ததும், “நான் விரதம்” என்று சொல்லிவிட்டேன்.

“எந்தச் சாமிக்கு?”

“பெருமாளுக்கு.”

“பெருமாளுக்கு சனிக்கிழமைல்லா இருப்பாவ? இன்னைக்கு வெள்ளிட்டி.”

“முன்கூட்டியே இருக்கேன்.”

ஞாயிறுதோறும் வேதக்கோயிலுக்குப் போகிறவளுக்கு எங்கள் விரதக் கிழமைகள் எப்படித் தெரிகின்றன என்று புரியவில்லை. அவள் கையில் இருந்த கேக்குத் துண்டை அவளே தின்றுவிட்டாள். அவள் முகம் கொஞ்சம் வாடியதுபோல் இருந்தது. கேக் அவ்வளவு நன்றாக இல்லையோ என்னவோ.

சீலியாக் என்று சொன்னால் ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் சிறுகுடல் படம் வரைந்து காட்ட வேண்டியிருக்கும். விரதம் ஒரே வார்த்தையில் முடிந்துவிடுகிறது.

சாப்பிட்டவை: இட்லி 4. எலுமிச்சைச் சோறு. இரவு ரசம் சோறு, அப்பளம். வயிறு: வலி. மோர்.

ஜூலை 15, செவ்வாய்

அப்பா இப்போது நேராக வீட்டுக்குள் வருவதில்லை. கடையிலேயே குளித்து வேறு சட்டை போட்டுக்கொண்டு, பின்வாசல் வழியாக வந்து, மறுபடியும் ஒருமுறை குளிக்கிறார். கடைத் துணிக்குத் தனி வாளி, தனிக் கொடி. காலையில் எழுந்து பார்த்தால் தலையில் துண்டு கட்டியிருக்கிறார். “சாப்பிட்டியாம்மா?” என்று வாசற்படியில் நின்றபடியே கேட்கிறார்.

முன்பெல்லாம் நான் படித்துக்கொண்டிருந்தால் பின்னால் வந்து காதைத் திருகிவிட்டு ஒன்றும் தெரியாதவர்போலப் போவார். இப்போது அதைச் செய்வதில்லை. நான் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டேன் அல்லவா, அதனால் இருக்கும்.

கடைக்கு வருவதாக இருந்தால் சாலைக்கு எதிர்ப்பக்கம்தான் நிற்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு. மாவு பறக்குமாம்.

ஜூலை 20, ஞாயிறு

சாரல். குற்றாலத்தில் நல்ல கூட்டம், கடையிலும் நல்ல கூட்டம். ஆனால் இன்று எழுத வேண்டியது அது இல்லை.

சொரிமுத்து அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். கடைவீதியில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். நான் உள்ளறையில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். காதுகளை மூட முடியாது என்பதால் கேட்டது.

“யோசிச்சுக்கோ இசக்கி. சீசன் நேரத்துல உன் கல்லு முன்னால நிக்கிற கூட்டத்தப் பாத்துட்டுத்தான் கேக்கேன். கடைய எங்கிட்ட விட்டுரு. வேற மாஸ்டர் போட்டுக்கிடுதேன். ஒனக்கு என் குடோன்ல வேலை. மாவு கெடையாது, புகை கெடையாது.”

பிறகு அப்பாவின் குரல் கேட்டது. “நவம்பர்ல பிள்ளைக்கு மறுபடி ரத்தம் பாக்கணும் அண்ணாச்சி. அதுல எண்ணு கொறையலேன்னா கடைய நீங்க எடுத்துக்கிடுங்க. எங்கிட்ட இருந்துதான் போவுதுன்னு அர்த்தம்.”

அண்ணாச்சி போன பிறகு நான் அப்பா முன்னால் போய் நின்றேன். “டாக்டர் என்ன சொன்னாங்க? குளிச்சி சட்டை மாத்துனா போதும்னு சொன்னாங்கல்ல?”

“அவங்க சொல்லுவாங்கம்மா. பதினாறு வருசம் மைதாவுல நின்ன உடம்பு. நகத்துல இருக்கும், முடியில இருக்கும், எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்?”

அவருக்குப் பரோட்டா வீசுவதைத் தவிர வேறு எதுவும் பிடிக்காது. உருண்டையை எண்ணெயில் தட்டி வீசினால் அது காற்றிலேயே புடவைபோல விரியும். வெளியூர்க்காரர்கள் கைப்பேசியில் படம் எடுப்பார்கள். டைல்ஸை வீச முடியாது.

நவம்பருக்குள் நான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஜூலை 23, புதன்

வயிற்று வலி. பள்ளிக்குப் போகவில்லை. இரண்டு முறை பெருங்காய மோர். எழுத முடியவில்லை.

ஜூலை 31, வியாழன்

நானும் அப்பாவும் ஓர் அறிவியல் சோதனை செய்யப்போகிறோம். யோசனை என்னுடையது. நாளை முதல் பத்து நாள் அப்பா வீட்டுக்கு வரமாட்டார். இலஞ்சியில் அத்தை வீட்டில் தங்குவார். வீட்டை மூன்று முறை துடைத்துவிட்டோம். காரணம் அப்பாதான் என்றால் எனக்குச் சரியாகிவிட வேண்டும். இல்லையென்றால் அப்பா குற்றவாளி இல்லை.

“சரியாயிட்டுன்னா?” என்று அம்மா கேட்டாள். நான் நோட்டில் பத்து நாளுக்குக் கோடு போட்டேன், அப்பா பையில் சட்டைகளை அடுக்கினார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அப்பா இல்லாத நான்காவது நாள். வயிறு: உப்பல். எனக்கு இருக்கும் சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஏழாவது நாள். நல்ல வலி! அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். “புத்தி பெரண்டுபோச்சா ஒனக்கு?” என்று மோர் கலக்கப் போனாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அப்பா வந்துவிட்டார். நோட்டைத் திறந்து பத்து நாள் கணக்கையும் காட்டினேன். நான்கு நாள் வலி, மூன்று நாள் உப்பல். ஆகவே அப்பா குற்றவாளி அல்ல.

அவர் முகம் தெளியவில்லை. “பத்து நாளு பத்தாதும்மா. சுவத்துல, மெத்தையில எல்லாம் இருக்கும்லா?”

அறிவியல் பேசினால் இப்படி மெத்தையைக் கொண்டுவருகிறார். என்ன செய்ய?

மாலையில் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு ஜூலை 6 முதல் வாசித்தேன். நான் எழுதியதை நானே வாசிப்பது புதிதாக இருந்தது. (எழுத்துப் பிழைகள் இரண்டு. திருத்தினேன்.) வலி வந்த நாள்களின் கீழே கோடு போட்டேன். அந்த நாள்களில் பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்த்தேன். சாம்பார், ரசம், குழம்பு. ஆனால் ஊரே அதைத்தானே சாப்பிடுகிறது? பிறகு இன்னொன்றும் கண்ணில் பட்டது. வலி வந்தது, மோர் குடித்தேன், மறுநாள் வலி கூடியது. மோர் குடிக்காமல் தூங்கிய இரண்டு நாள்களில் மறுநாள் ஒன்றுமில்லை.

மோரில் என்ன இருக்கிறது? தயிர், தண்ணீர், உப்பு, பெருங்காயம்.

41 பாக்கெட் வாசித்தேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறேன். வாசிக்காதது எது என்று கேட்டுக்கொள்ளவே இல்லை. பெயரெழுதாமல் அஞ்சறைப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவை! கடுகு கடுகுதான். சீரகம் சீரகம்தான். பெருங்காயக் கட்டியை மட்டும் வாங்கி வந்ததுமே காகிதத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு உடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவாள் அம்மா.

முக்கு மளிகைக் கடைக்கு ஓடினேன்.

“எங்க அம்மா வாங்குற பெருங்காயத்த காட்டுங்க.”

“வாங்குதியா, வாசிக்கியா?” கடைக்காரருக்கு என்னை நன்றாகத் தெரியும்.

“வாசிக்கத்தான்.”

உறையின் பின்பக்கம், எறும்புக்கால் எழுத்தில்: கருவேலம் பிசின், மைதா மாவு, பெருங்காயம்.

மைதா இரண்டாவதாக இருந்தது. பெருங்காயமே அதற்குப் பிறகுதான் வந்தது.

நான் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். “என்ன பாப்பா, விலை கூடிப்போச்சா?” என்றார் அவர்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நேற்று கை ஓய்ந்துவிட்டது. மீதியை இன்று எழுதுகிறேன்.

அம்மா முதலில் நம்பவில்லை. நான் கடையிலிருந்து கொண்டுவந்த உறையை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். பிறகு பெருங்காயத் துண்டுகளை எல்லாம் எடுத்து வாசலில் வீசினாள். ஒரு நாய் வந்து முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டுப் போனது.

“வயித்துக்கு நல்லதுன்னுல்லா குடுத்தேன்” என்றாள். அதையே ஐந்தாறு தடவை சொன்னாள். “வலி கூடுனா இன்னும் ஒரு துண்டு சேத்துக் கரைச்சேனே.”

“எல்லா அம்மாவும் அதத்தானே செய்வாங்க?” என்றேன்.

“எல்லா அம்மா வீட்லயும் ஒன்ன மாதிரி பிள்ளையா இருக்கு?” என்று சொல்லி அழுதாள். அது திட்டா பாராட்டா என்று தெரியவில்லை. அவள் அழும்போது விளக்கம் கேட்கவில்லை.

அப்பாவுக்கு இன்று காலையில்தான் சொன்னோம். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அப்ப நான் இல்லியா?”

“இல்லப்பா.”

“நெசமா நான் இல்லியா?”

“பெருங்காயம்ப்பா.”

“நம்ம வீட்டுக்குள்ள மைதாவ நான் கொண்டுவரலியா?”

“அம்மா கொண்டுவந்தா.”

“ஏட்டி!” என்று அம்மா கரண்டியோடு வந்தாள். அப்பா வெகுநாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தார். என் பக்கத்தில் வந்தார். கையை நீட்டினார். பிறகு துண்டில் துடைத்துக்கொண்டார். பிறகு காதைத் திருகினார்.

“கடைய குடுக்க மாட்டீங்கல்ல?”

“எண்ணு வரட்டும்மா. அண்ணாச்சிட்ட நவம்பர்னு வாக்கு குடுத்தாச்சு. எண்ணு கொறையணும்.”

டாக்டரிடம் தொலைபேசியில் சொன்னோம். அடுத்த நோயாளிகளிடம் தானும் இதைக் கேட்கப்போவதாகச் சொன்னார். எனக்கு இப்போது உயரம் கொஞ்சம் கூடியிருக்கலாம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஜெபமலரிடம் உண்மையைச் சொன்னேன். விரதமும் இல்லை, பெருமாளும் இல்லை என்றேன்.

“எனக்கு அன்னைக்கே தெரியும். விரதம் இருக்கவ மத்தியானம் எலுமிச்சைச் சோறு அள்ளி அள்ளித் திங்காளே!”

“பெறவு ஏன் கேக்கல?”

“நீயா சொல்லுவேன்னு பாத்தேன். ஒனக்கு என்னப் பிடிக்கலையோன்னு நெனச்சேன்ட்டி.”

சிறுகுடல் படம் வரைந்து காட்டினேன். ஒட்டிக்கொள்ளுமா என்று அவள் கேட்கவே இல்லை. “அப்ப கடலை மிட்டாய் திங்கலாமா?” என்றுதான் கேட்டாள். திங்கலாம். தின்றோம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பெருங்காயம் இல்லாத ரசம். அம்மா பூண்டைக் கூடுதலாகத் தட்டிப் போட்டுவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் பார்க்கிறாள். அப்பா “நல்லாருக்கு” என்றார். “பொய்” என்றாள் அம்மா. எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு முறை வாங்கினேன்.

வயிறு: ஒன்றுமில்லை. இது பதினோராவது ஒன்றுமில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

இலஞ்சியில் அத்தை மகன் கல்யாணம். வழக்கமாக நான் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போய், பந்தியில் கூப்பிட்டால் வயிறு சரியில்லை என்பேன். இன்று சமையல் நடக்கும் இடத்துக்கே போனேன். சமையல் மாஸ்டர் பெரிய அண்டாவில் துடுப்பு போட்டுக்கொண்டிருந்தார்.

“மாமா, சாம்பார்ல பெருங்காயம் போட்டாச்சா?”

“போடாம சாம்பாரா? வாசனை வரலியோ?”

“அதுல மைதா இருக்கும். எனக்கு மைதா ஒரு துணுக்குகூட ஆகாது. எதெல்லாம் நான் சாப்பிடலாம்னு கேக்க வந்தேன்.”

அவர் துடுப்பை நிறுத்தினார். “நீ இசக்கி பரோட்டாக் கடை மகல்லா? ஒனக்கா மைதா ஆகாது?”

“எனக்குத்தான்.”

“ஏல, இங்க வாங்கல! ஃபுட் இன்ஸ்பெக்டர் வந்திருக்காவ!” என்று ஆள்களைக் கூப்பிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வரிசையாகக் கேட்டேன். பாயசம் என்ன? பால் பாயசம், பச்சரிசி. சரி. கேசரி? ரவை. கூடாது. அப்பளம்? அதிலும் பெருங்காயம் உண்டு என்று அவரே சொன்னார். எனக்கு இது தெரியாது! ஜூலை முழுவதும் அப்பளம் தின்றிருக்கிறேன். குறித்துக்கொண்டேன்.

பொரியலுக்குத் தாளிக்கும் முன்பே எனக்கு ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்தார். வேறு கரண்டி போட்டார். பந்தியில் என் இலையில் சோறு, நெய், பருப்பு, பீன்ஸ், தயிர், வாழைப்பழம், இரண்டு கிண்ணம் பாயசம். அவரே வந்து, “இன்ஸ்பெக்டர் அம்மா, எல்லாம் சரியா இருக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு பெரியம்மா, “பாவம், சின்னப் பிள்ள, ஒண்ணும் திங்க முடியல” என்றார். அப்போது நான் மூன்றாவது பாயசத்தில் இருந்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அதிரசம் பச்சரிசி மாவில் செய்தது. பெருங்காயம் போடாத முறுக்குக்கு அரிசியை வீட்டிலேயே அரைத்தோம். மில்லில் கோதுமையும் அரைப்பார்கள். பள்ளிச் சீருடைப் பாவாடை குட்டையாகிவிட்டது. மூன்று கிலோ கூடியிருக்கிறேன்.

அப்பா காதைத் திருகுகிறார், சிரிக்கிறார். ஆனால் பின்வாசல் வழியாகத்தான் இன்னும் வருகிறார். சொரிமுத்து அண்ணாச்சி நேற்று கடைக்கு வந்து கல்லையும் அடுப்பையும் பார்த்துவிட்டுப் போனாராம்.

நவம்பர் 10, திங்கள்

ரத்தம் கொடுத்தேன். ஊசி குத்தும்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 13, வியாழன்

முடிவு வரவில்லை. கணக்கில் ஒரு கூட்டலைத் தப்பாகப் போட்டுவிட்டேன். இந்த ஆண்டில் முதல் தடவை.

நவம்பர் 15, சனி

மாலை நான்கு மணிக்கு ஆய்வகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அம்மாவும் நானும் போனோம். உறையைப் பிரிக்க அம்மாவுக்குக் கை வரவில்லை. நான் பிரித்தேன்.

64.

இருபதுக்குக் கீழே இன்னும் வரவில்லை. உடனே டாக்டருக்குப் போன் போட்டேன். “நாலு மாசத்துல 187ல இருந்து 64ஆ? அருமை! இப்படியே இருந்தா அடுத்த வருசம் இருபதுக்குள்ள வந்துரும்” என்றார். அம்மா ஆய்வக வாசலிலேயே முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

கடையில் அப்போதுதான் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. சபரிமலைக்கு மாலை போட இரண்டு நாள்தான் இருக்கிறது என்று எல்லோரும் ஒரே அவசரமாகச் சால்னாவில் இறங்கியிருந்தார்கள். அப்பா கல்லுக்குப் பின்னால் வீசிக்கொண்டிருந்தார். பெஞ்சில் சொரிமுத்து அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். நான் உத்தரவுப்படி சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். நடுவில் செங்கோட்டை பஸ், லாரி, ஆட்டோ.

“அப்பா!” கேட்கவில்லை. பள்ளியில் நான் சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை. மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டேன். “அப்பா! அறுபத்திநாலு!”

அவர் கையில் இருந்த மாவு பாதி விரிந்தபடி அப்படியே நின்றது.

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். “அறுபத்திநாலு மார்க்குக்கா இந்தக் கூப்பாடு? என்ன பாடம்மா?”

என் வாழ்க்கையில் நான் அறுபத்திநாலு மார்க் வாங்கியதே கிடையாது. இதைப் பதிவு செய்கிறேன்.

“மார்க் இல்ல!” என்று கத்தினேன். “எனக்கு சீலியாக்! கோதுமை, மைதா ஆகாது! ரத்தத்துல எண்ணு எறங்கியிருக்கு! நூத்தி எம்பத்தேழுல இருந்து அறுபத்திநாலு!”

“மைதா ஆகாதா? பரோட்டா மாஸ்டர் மகளுக்கா?”

“ஆமா! பரோட்டா மாஸ்டர் மகளுக்குத்தான்!”

கடை முழுவதும் சிரித்தது. ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி என்ன விஷயம் என்று கேட்டார். அவருக்கும் சொன்னேன். அடுத்து நின்றவருக்கு அம்மா சொன்னாள், பெருங்காயத்தில் ஆரம்பித்து.

அப்பா கண்ணை முழங்கையால் துடைத்துக்கொண்டார். கையிலிருந்த மாவை ஒரு சுற்றுச் சுற்றி வீசினார். அவ்வளவு உயரமாக அவர் வீசி நான் பார்த்ததில்லை. அது கல்லில் வந்து விழுந்த பிறகுதான் பெஞ்சின் பக்கம் திரும்பினார்.

“அண்ணாச்சி, கடை குடுக்கிறதா இல்ல. வந்தது வந்துட்டிய, ரெண்டு பரோட்டா சாப்பிட்டுப் போங்க.”

அண்ணாச்சி நாலு சாப்பிட்டார் என்று அம்மா சொன்னாள். நான் அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன். கத்திக் கத்தி நல்ல பசி.